நோயும் கருவூலமும் – 9: கில்லிபோ குழுவின் கணக்கு

பிரிட்டனில் 1948 ஜூலை 5 அன்று நடைமுறைக்கு வந்த தேசிய சுகாதாரச் சேவை, தொடங்கிய சில ஆண்டுகளுக்குள்ளாகவே தன் இருப்புக்கான நியாயத்தை நிதியமைச்சின் கணக்கர்கள் முன் நிறுவ வேண்டிய நிலைக்கு வந்துவிட்டது. வருமானம் எதுவாயினும் சிகிச்சை பெறும் வேளையில் எவரிடமும் பணம் கேட்பதில்லை என்ற கொள்கையை, போரில் பெருங்கடன் பட்டு நின்ற ஒரு நாடு ஏற்று நடத்தத் துணிந்திருந்தது. அத்துணிவு அந்நாட்டின் சக்திக்கு மீறியது என்றும், அச்சேவை கட்டுக்கடங்காமல் பணத்தை விழுங்குகிறது என்றும் 1950 வாக்கில் நாடாளுமன்றத்திலும் பத்திரிகைகளிலும் மெய்ப்பிக்கத் தேவையற்ற உண்மை போலப் பேசப்பட்டது. அந்தப் பேச்சுக்கு ஆதாரம் இல்லை என்பதை 1956 ஜனவரியில் வெளியான ஓர் அரசுக் குழுவின் அறிக்கை எண்களைக் கொண்டு காட்டியது. குழுவை அமைத்தவர்கள் எதிர்பார்த்த விடை அதுவன்று. ஒரு நாட்டின் பொது மருத்துவச் செலவை எதனோடு ஒப்பிட்டு அளக்க வேண்டும் என்ற கேள்வியை அந்த ஆய்வு தெளிவுபடுத்திய விதம் பிற்காலத்துக்கு வழிகாட்டியாக அமைந்ததால், இப்பகுதி பெரிதும் அதைப் பற்றியதே.

அமைச்சர் அனூரின் பெவன் நிறுவிய சேவைக்கு மூன்று கிளைகள் இருந்தன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இருந்த 1,143 அறக்கொடை மருத்துவமனைகளும் 1,545 நகராட்சி மருத்துவமனைகளும் ஏறத்தாழ 4,80,000 படுக்கைகளோடு அரசுடைமையாகி, வட்டார மருத்துவமனை வாரியங்களின் கீழ் வந்தன. மாணவர்களுக்கு மருத்துவம் கற்பிக்கும் பெரிய மருத்துவமனைகளுக்கு மட்டும் தனி ஆளுநர் குழுக்கள் அமைந்தன. குடும்ப மருத்துவர்களும் பல் மருத்துவர்களும் மருந்துக் கடைக்காரர்களும் கண் பரிசோதகர்களும் அரசு ஊழியர்கள் ஆகாமல் ஒப்பந்த அடிப்படையில் இரண்டாம் கிளையாகச் சேர்ந்தனர். தாய்சேய் நலம், தடுப்பூசி, வீடு தேடிச் செல்லும் செவிலியர், ஆம்புலன்ஸ் ஆகியவை உள்ளாட்சிகளிடம் தங்கின.

இவற்றுக்கான பணம் எங்கிருந்து வந்தது என்பதே பின்னர் எழுந்த சச்சரவுகளுக்கெல்லாம் வேர். ஜெர்மனியில் பிஸ்மார்க் 1883-இல் கொண்டுவந்த முறையில், தொழிலாளியும் முதலாளியும் செலுத்தும் சந்தா தனி நிதியங்களில் சேர்ந்து அங்கிருந்து மருத்துவருக்குப் போயிற்று. லாயிட் ஜார்ஜ் 1911-இல் பிரிட்டனில் இயற்றிய காப்பீட்டுச் சட்டமும் அவ்வழியையே பின்பற்றியது. ஆனால் அது குறைந்த ஊதியம் பெறும் தொழிலாளிக்குக் குடும்ப மருத்துவரின் சிகிச்சையை மட்டுமே உறுதி செய்ததே தவிர, அவர் மனைவியையும் மக்களையும் சேர்த்துக்கொள்ளவில்லை, மருத்துவமனைச் செலவையும் ஏற்கவில்லை. பெவன் இந்த வழியை விட்டு விலகிச் சேவையின் செலவைப் பொது வரியின் மேல் ஏற்றினார். வாரந்தோறும் ஊதியத்திலிருந்து பிடிக்கப்பட்ட தேசியக் காப்பீட்டுச் சந்தாவே தமக்கு மருத்துவம் தருகிறது என்று மக்களில் பலர் நம்பியபோதிலும், அச்சந்தாவிலிருந்து சேவைக்குக் கிடைத்தது மொத்தச் செலவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான்.

வரியால் நடப்பது என்றால், ஆண்டுதோறும் நாடாளுமன்றம் மானியம் ஒதுக்க வேண்டும், அந்த மானியம் பள்ளிக்கூடத்தோடும் வீட்டுவசதியோடும் படைக்கலத்தோடும் போட்டியிட வேண்டும் என்று பொருள். 1948-க்கு முன் இதே மருத்துவச் செலவு தொழிலாளர் சங்கங்களின் பெட்டியிலும், அறக்கொடையாளர்களின் பையிலும், நகராட்சி வரியிலும், பிரசவத்துக்கென்று சிறுகச் சிறுக ஒதுக்கிய குடும்பங்களின் சேமிப்பிலும் சிதறிக் கிடந்தது. அதை ஒன்றாகக் கூட்டிப் பார்த்தவர் அரிது. அது ஒரே ஏட்டின் ஒரே வரிக்கு வந்து சேர்ந்ததும், பழைய செலவின் இடமாற்றத்தையும் உண்மையான புதிய செலவையும் பிரித்தறிய எவரிடமும் கணக்கு இல்லாத காரணத்தால், முழுத் தொகையும் புதிதாக முளைத்த சுமை போலத் தோற்றமளித்தது.

அந்தத் தோற்றத்தை வலுப்படுத்தியது முன்மதிப்பீடுகளின் தோல்வி. நலவாழ்வு அரசின் வரைபடமாகக் கருதப்படும் 1942-ஆம் ஆண்டின் பெவரிட்ஜ் அறிக்கை, நாடு தழுவிய மருத்துவச் சேவைக்கு 1945-இல் ஆண்டுக்கு 17 கோடி பவுண்டு செலவாகும் என்றும், இருபது ஆண்டுகள் கழித்து 1965-இலும் அதே 17 கோடி பவுண்டே ஆகும் என்றும் கணித்திருந்தது. சேவை வளரும்போது செலவு கூடினாலும், அச்சேவையால் மக்களின் உடல்நலம் மேம்பட்டு நோய் குறையும், ஆகவே கூடியதும் குறைந்ததும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும் என்பது அதன் அடிப்படை. இந்த நம்பிக்கையில் நல்லெண்ணம் இருந்தது. மருத்துவம் எப்படி வளர்கிறது என்ற புரிதல் இல்லை. சிசுப் பருவத்தில் காப்பாற்றப்பட்டவர் முதுமை வரை வாழ்ந்து முதுமையின் நோய்களோடு மருத்துவமனைக்கு வருவார். நேற்றுவரை மருந்தே இல்லாதிருந்த நோய்க்கு இன்று மருந்து கிடைத்தால் அந்த மருந்துக்கு விலை உண்டு. காசநோயாளிக்கு ஓய்வும் நல்ல காற்றும் தவிர வேறு கதி இல்லாதிருந்த காலத்தை விட, ஸ்ட்ரெப்டோமைசின் வந்த பிறகு அவருக்கான சிகிச்சைச் செலவு கூடியது. அவர் பிழைத்தும் எழுந்தார். சேவையின் முதல் முழு ஆண்டான 1949-50-இலேயே மொத்தச் செலவு பெவரிட்ஜ் குறித்த தொகையின் இரு மடங்கைத் தாண்டிவிட்டது.

இடைப்பட்ட ஆண்டுகளில் விலையும் கூலியும் ஏறியிருந்தன என்பது ஒரு காரணம். போருக்கு முந்தைய மருத்துவமனைக் கணக்குகளைக் கொண்டு அதிகாரிகள் மதிப்பிட்டனர். அந்தக் கணக்குகளோ செவிலியர்களுக்கு மிகக் குறைந்த ஊதியம் கொடுத்தும், பழுதுபார்ப்பைத் தள்ளிப்போட்டும் காலம் ஓட்டிய நிறுவனங்களின் கணக்குகள். இன்னும் ஆழமான காரணம் வேறு. நோயோடு வாழப் பழகிவிட்ட ஒரு மக்கள்திரளின் தேவை எவ்வளவு என்பதை, அவர்கள் கதவைத் தட்டும்வரை யாரும் அறிந்திருக்கவில்லை. முதல் ஆண்டில் 85 லட்சம் பேர் பல் சிகிச்சை பெற்றனர், 52 லட்சத்துக்கும் மேற்பட்ட மூக்குக் கண்ணாடிகள் வழங்கப்பட்டன, 18.7 கோடி மருந்துச் சீட்டுகள் எழுதப்பட்டன. சேவை தொடங்குவதற்கு முன் மாதம் 70 லட்சம் அளவில் இருந்த மருந்துச் சீட்டுகள் 1948 செப்டம்பரில் 1.35 கோடியை எட்டின. கடைத் தட்டிலிருந்து ஒவ்வொன்றாய் எடுத்துக் கண்ணில் வைத்துப் பார்த்து வாங்கிய மலிவுக் கண்ணாடியால் சமாளித்தவர்கள் முதன்முறையாகப் பார்வைப் பரிசோதனை செய்துகொண்டனர்.

பெண்களின் நிலையைத் தனியே குறிப்பிட வேண்டும். தொழிலாளர் குடும்பத்துப் பெண்கள் 1,250 பேரிடம் விவரம் திரட்டி மார்ஜரி ஸ்பிரிங் ரைஸ் 1939-இல் வெளியிட்ட நூல், இரத்தசோகையோடும் பேறுகாலத்தில் நேர்ந்து ஆறாமல் போன உபாதைகளோடும் ஆண்டுக்கணக்கில் வீட்டுவேலை பார்த்த தாய்மாரின் நிலையைப் பதிவு செய்திருந்தது. கணவனின் காப்பீடு அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. வீட்டில் இருந்த பணம் பிள்ளைகளுக்கே போயிற்று. கருப்பை இறக்கம் போன்ற, வெளியே சொல்லத் தயங்கிய குறைகளோடு இப்பெண்கள் 1948-இல் மருத்துவர்களின் காத்திருப்பறைகளை நிறைத்தபோது, அதே நிகழ்வு நிதியமைச்சின் ஏட்டில் ‘மதிப்பீட்டை மீறிய செலவு’ என்ற தலைப்பின் கீழ் வந்தது. இலவசம் என்பதால் மக்கள் தேவையின்றிக் குவிகிறார்கள் என்று அன்று எழுதியவர்கள், தேவையோடு இத்தனை காலம் வராதிருந்தவர்களைப் பற்றி ஒரு வரியும் எழுதாதது அந்நாளைய விவாதத்தின் பெருங்குறை.

முதல் நிதியாண்டிலேயே ஏறத்தாழ 6 கோடி பவுண்டுக்குத் துணை மானியக் கோரிக்கை, அதாவது ஒதுக்கிய பணம் போதாமல் ஆண்டின் நடுவில் மேலும் பணம் கேட்கும் கோரிக்கை, நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. அடுத்த ஆண்டுக்கான துணைக் கோரிக்கை அதனினும் பெரியது. இதற்கிடையே 1949 செப்டம்பரில் பவுண்டின் மதிப்பு 4.03 டாலரிலிருந்து 2.80 டாலராகக் குறைக்கப்பட்டது. செலவைச் சுருக்கியாக வேண்டிய நெருக்கடியில், மருந்துச் சீட்டுக்கு ஒரு ஷில்லிங் வரை கட்டணம் வசூலிக்கும் அதிகாரத்தைத் தொழிற்கட்சி அரசே அவ்வாண்டு சட்டத்தில் சேர்த்துக்கொண்டது; உடனே பயன்படுத்தவில்லை. 1950-இல் சேவையின் நிதி நிர்வாகத்தை ஆராயுமாறு சர் சிரில் ஜோன்ஸ் பணிக்கப்பட்டார். இந்திய அரசின் நிதித்துறையில் உயர் பதவி வகித்து அனுபவம் பெற்ற அவர், மருத்துவமனைகளின் மேல் மைய அரசின் பிடி இறுக வேண்டும் என்று கருதினார். அதே ஆண்டில் சேவையின் செலவுக்கு உச்சவரம்பு ஒன்றும் விதிக்கப்பட்டது.

ஜூனில் மூண்ட கொரியப் போர் நிலைமையை மேலும் கடினமாக்கியது. மூன்று ஆண்டுகளில் 470 கோடி பவுண்டைப் படைக்கலங்களுக்குச் செலவிட அரசு 1951 ஜனவரியில் உறுதி பூண்டது. ஏப்ரல் 10 அன்று நிதியமைச்சர் ஹியூ கெய்ட்ஸ்கெல் முன்வைத்த வரவு செலவுத் திட்டம், சுகாதாரச் சேவைக்கு 40 கோடி பவுண்டு உச்சவரம்பு விதித்து, பொய்ப்பற்களுக்கும் மூக்குக் கண்ணாடிகளுக்கும் அவற்றின் விலையில் ஏறத்தாழ பாதியைப் பயனாளியே செலுத்த வேண்டும் என்றது. அவ்வாண்டில் அதனால் மிச்சமாகும் என்று எதிர்பார்த்தது 1.3 கோடி பவுண்டு. அப்போது தொழிலாளர் துறை அமைச்சராக இருந்த பெவன், ஏப்ரல் 22 அன்று பதவி விலகினார். ஹெரால்டு வில்சனும் ஜான் ஃபிரீமனும் அவரைத் தொடர்ந்தனர். படைக்கலத் திட்டத்துக்கு வேண்டிய மூலப்பொருளும் இயந்திரங்களும் கிடைக்காமல் அத்தொகையை முழுவதும் செலவிடவே முடியாது என்பது பெவனின் வாதங்களுள் ஒன்று. அக்டோபர் தேர்தலில் வென்று வந்த சர்ச்சில் அரசு அத்திட்டத்தை நீண்ட காலத்துக்குப் பரப்பிக் குறைத்தபோது, அந்த வாதம் சரியென்று ஆயிற்று. கட்டணங்களோ நீங்காமல் நிலைத்துவிட்டன, மேலும் 1952-இல் மருந்துச் சீட்டுக்கு ஒரு ஷில்லிங், பல் சிகிச்சைக்கு ஒரு பவுண்டு வரை என்று பெருகின. 470 கோடியின் பக்கத்தில் 1.3 கோடி என்ன கனம் பெறும் என்பதை எண்ணிப் பார்த்தால், கட்டணத்தின் நோக்கம் வருவாய் மட்டுமன்று என்பது விளங்கும். சேவை அடக்கப்பட வேண்டியது என்ற எண்ணம் இரு பெருங்கட்சிகளின் நிதியமைச்சர்களிடத்தும் ஊறியிருந்தது.

இந்த மனநிலையில்தான் 1953-இல், சுகாதார அமைச்சர் இயன் மெக்லியோட் காலத்தில், கேம்பிரிட்ஜ் பொருளாதார அறிஞர் கிளாட் கில்லிபோவின் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. கில்லிபோ, பொருளியல் மேதை ஆல்ஃபிரட் மார்ஷலின் சகோதரி மகன். ஆரவாரமின்றி வேலை செய்பவர். சேவையின் இப்போதைய செலவையும் எதிர்காலச் செலவையும் ஆராய்ந்து, போதிய அளவில் சேவையை நடத்திக்கொண்டே கருவூலத்தின் மேல் ஏறும் சுமையைத் தவிர்க்கும் வழியைச் சொல்ல வேண்டும் என்பது குழுவுக்கு இடப்பட்ட பணி. சுமை ஏறிக்கொண்டிருக்கிறது என்ற முடிவு அந்தக் கட்டளையிலேயே அடங்கியிருந்தது. சிக்கனத்துக்கான பரிந்துரைகளை நிதியமைச்சு எதிர்பார்த்திருந்தது.

குழு செய்த மிகச் சிறந்த காரியம், பரிந்துரைகளை எழுதுவதற்கு முன் கணக்கைச் சரிபார்க்க முனைந்தது. அப்பணி தேசியப் பொருளாதார சமூக ஆய்வு நிறுவனத்தின் வழியாக, முப்பது வயது நிரம்பாத பிரையன் ஏபல்-ஸ்மித்திடம் வந்தது. லண்டன் பொருளியல் பள்ளியில் சமூக நிர்வாகப் பேராசிரியராக இருந்த ரிச்சர்ட் டிட்மஸ் அவருக்குத் துணையாக அமைந்தார். டிட்மஸ் பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் பெறாதவர். இளமையில் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் எழுத்தராக வேலை பார்த்து, பிறப்பு இறப்புப் புள்ளிவிவரங்களைத் தாமே கற்றுத் தேர்ந்தவர். இருவரும் சேர்ந்து எழுதிய ஆய்வு 1956-இல் தனி நூலாகவும் வெளிவந்தது.

அவர்கள் முதலில் எழுப்பிய கேள்வி, செலவு என்று எதைச் சொல்வது என்பதுதான். அரசின் மானியக் கணக்கு ஓராண்டில் எவ்வளவு ரொக்கம் வெளியேறியது என்பதை மட்டுமே காட்டும். அதில் கட்டடம் எழுப்பப் போன மூலதனச் செலவும், சம்பளத்துக்கும் மருந்துக்கும் போன நடப்புச் செலவும் கலந்திருக்கும். அரசின் ஒரு துறையிலிருந்து மற்றொன்றுக்கு மாறிய வெறும் ஏட்டுக் கணக்கும் இருக்கும். பழைய ஆண்டுகளுக்கான ஊதிய நிலுவையும் இருக்கும். இவற்றைப் பிரித்தெடுத்து, நாட்டின் உழைப்பிலும் பொருளிலும் எவ்வளவை இச்சேவை உண்மையில் பயன்படுத்தியது என்பதைத் தேசிய வருமானக் கணக்கியலின் முறைப்படி அவர்கள் வகுத்தனர். அடுத்து, ஆண்டுதோறும் ஏறிய விலையையும் கூலியையும் கழித்து, எல்லா ஆண்டுகளின் செலவையும் ஒரே ஆண்டின் விலையில் மாற்றி எழுதினர். இதுவே நிலையான விலையில் அளத்தல் எனப்படும். அரிசி விலை ஏறியதால் மளிகைக் கணக்கு உயர்ந்த வீட்டில் முன்னைவிட அதிகம் சமைக்கிறார்கள் என்று முடிவு கட்ட முடியாதது போல, ரொக்கத் தொகை உயர்ந்ததைக் கொண்டு சேவை பெருத்துவிட்டது என்று சொல்ல முடியாது. பிறகு அந்தச் செலவை மக்கள்தொகையால் வகுத்தனர். இறுதியாக அதை மொத்த தேசிய உற்பத்தியோடு, அதாவது ஓராண்டில் நாட்டு மக்கள் உருவாக்கிய பொருட்கள், பணிகள் அனைத்தின் மதிப்போடு, விகிதமாக வைத்துப் பார்த்தனர்.

விடை எல்லோரையும் வியக்க வைத்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேவையின் நிகர நடப்புச் செலவு 1949-50-இல் மொத்த தேசிய உற்பத்தியில் 3.75 விழுக்காடாக இருந்து, 1953-54-இல் 3.25 விழுக்காடாகக் குறைந்திருந்தது. ரொக்கக் கணக்கில் ஏறியதன் பெரும்பகுதி விலைவாசியின் விளைவு. நிலையான விலையில் ஆள் ஒருவருக்கான செலவு அந்த நான்கு ஆண்டுகளில் ஏறத்தாழ அசையாமல் நின்றிருந்தது. அதாவது, சேவை கட்டுமீறி வளர்கிறது என்று அமைச்சரவை உடைந்து, ஓர் ஆட்சியே ஆட்டம் கண்ட அந்த ஆண்டுகளில், அச்சேவை தேசத்தின் செல்வத்தில் எடுத்துக்கொண்ட பங்கு சுருங்கிக்கொண்டு வந்திருந்தது. இதைக் கண்டறியத் தேவைப்பட்ட புள்ளிவிவரங்களில் பெரும்பகுதி அரசிடமே இருந்தது என்பதும் மறக்கத்தக்கதன்று.

முதியோர் பெருகுவதால் சேவை முறிந்துவிடும் என்ற அச்சத்தையும் அவர்கள் சோதித்தனர். 1951-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மருத்துவமனைகளில் தங்கியிருந்தவர்களின் விவரங்களைப் பகுத்தபோது, வயதைவிடக் குடும்பநிலை பெரிய வேறுபாட்டை உண்டாக்குவது தெரியவந்தது. மணமாகாதவர்களும் துணையை இழந்தவர்களும் தம் எண்ணிக்கைக்கு மிஞ்சிய அளவில் படுக்கைகளில் இருந்தனர். வாழ்க்கைத் துணை உள்ள முதியோர் மருத்துவமனையை நாடுவது அவ்வளவு மிகுதியன்று. வீட்டில் பார்த்துக்கொள்ள ஒருவர் இருக்கிறாரா என்பது மருத்துவமனையின் செலவைத் தீர்மானிக்கும் காரணிகளுள் ஒன்று என்று புலப்படுத்திய இந்தப் பகுப்பு, டிட்மஸின் பார்வைக் கூர்மைக்குச் சான்று. மக்கள்தொகை மாற்றம் மட்டுமே அடுத்த இருபது ஆண்டுகளில் செலவைப் பெரிதாக உயர்த்திவிடாது என்று அவர்கள் முடிவு செய்தனர்.

ஊதாரித்தனத்தைத் தேடிப் புறப்பட்ட ஆய்வு, அதற்கு நேர்மாறானதை மருத்துவமனைக் கட்டடங்களில் கண்டது. மருத்துவமனைகளுள் 45 விழுக்காடு 1891-க்கு முன் எழுப்பப்பட்டவை. 21 விழுக்காடு 1861-க்கும் முந்தையவை. அவற்றுள் பல, ஏழைகளை அடைத்து வேலை வாங்கிய ஏழைமனைகளாக ஒரு காலத்தில் இருந்தவை. நீண்ட கூடங்களும் போதாத கழிப்பிடங்களும் அந்தக் காலத்தின் எச்சமாகவே தொடர்ந்தன. சேவை தொடங்கிய பிறகு மருத்துவமனைக் கட்டுமானத்துக்குச் செலவிட்டது, விலையேற்றத்தைக் கழித்துப் பார்த்தால், போருக்கு முந்தைய அளவில் மூன்றில் ஒரு பங்குதான். வீடுகளும் பள்ளிகளும் தொழிற்சாலைகளும் எஃகுக்கும் சிமெண்டுக்கும் முன்னுரிமை பெற்ற ஆண்டுகள் அவை. நாட்டின் மருத்துவமனைகள் அனைத்தையும் கையேற்ற அரசு, ஒரு புதிய பெரிய மருத்துவமனையைக்கூடக் கட்டாமல் முதல் சில ஆண்டுகளைக் கழித்தது. சம்பளத்தைக் குறைத்தால் ஊழியர் எதிர்ப்பர், மருந்தைக் குறைத்தால் நோயாளி எதிர்ப்பார். கட்டாத கட்டடத்துக்காகக் குரல் எழுப்ப யாரும் இல்லை. ஆகவே சிக்கனம் அங்கே தங்கியது. அந்தச் சிக்கனத்தின் விலையைப் பிந்தைய தலைமுறை செலுத்தியது.

இவற்றின் அடிப்படையில் குழு சொன்னவை சுருக்கமானவை. பரவலான வீண்செலவு நடக்கிறது என்ற குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை. மருத்துவமனையில் தங்குவோரிடம் உணவுக்கும் இருப்பிடத்துக்கும் கட்டணம் பெறும் யோசனையை ஏற்பதற்கில்லை. மூன்று கிளை அமைப்பை இப்போதைக்குக் கலைக்க வேண்டாம். கடைசிக் கருத்தில் மட்டும் உறுப்பினர் சர் ஜான் மாட், கிளைகள் பிரிந்து கிடப்பதன் தீங்கைச் சுட்டித் தம் வேறுபாட்டைப் பதிவு செய்தார். 1974-இல் நடந்த சீரமைப்பு அவர் கவலை நியாயமானது என்று காட்டியது. ‘போதிய சேவை’ என்பதற்கு மாறாத அளவுகோல் ஒன்றை எவராலும் தர இயலாது, மருத்துவ அறிவு வளர வளரப் போதுமானது எது என்பதும் மாறும், ஆகவே நாட்டின் வளத்துக்குள் இயன்ற அளவு சிறந்த சேவையைத் தருவதே செய்யத்தக்கது என்றும் குழு எழுதியது. மருத்துவமனைகளின் மூலதனச் செலவை ஆண்டுக்கு 3 கோடி பவுண்டாக உயர்த்த வேண்டும் என்று அது கோரியது. செலவைக் குறைக்க வழி கேட்டவர்களுக்குச் செலவைக் கூட்டும்படி விடை வந்தது.

செலவின் மறுபக்கம் பலன். அதை அளப்பது இன்னும் கடினம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1948-இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 34 முதல் பிறந்தநாளுக்கு முன் இறந்தன. 1956-இல் அந்த எண் 24. காசநோயால் நேரும் சாவுகள் அதே காலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகச் சுருங்கின. இவை முழுவதையும் சேவையின் கணக்கில் எழுதுவது நேர்மையாகாது. பெனிசிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும், போர்க்காலத்தில் தொடங்கிய தொண்டை அடைப்பான் தடுப்பூசியும், நல்ல உணவும், முழு வேலைவாய்ப்பும் அதே ஆண்டுகளில்தான் வந்தன. வேறு முறையில் மருத்துவம் நடத்திய நாடுகளிலும் இறப்பு குறைந்தது. சேவைக்கு உரித்தான பெருமை, அந்தப் புதிய மருந்துகள் கிடைத்த உடனே சுரங்கத் தொழிலாளியின் வீட்டுக்கும் வழக்கறிஞரின் வீட்டுக்கும் ஒரே நிபந்தனையில் சென்றன என்பது. அதன் மற்றொரு சாதனை அதிகம் பேசப்படாதது. குடும்ப மருத்துவர்கள் தம் தொழிலிடத்தை விலைக்கு விற்கும் வழக்கத்தைச் சட்டம் தடைசெய்து, அதற்கு ஈடாக 6.6 கோடி பவுண்டை ஒதுக்கியது. மருத்துவர் மிகுந்த ஊர்களில் புதியவர் நுழைவதைத் தடுக்கும் அதிகாரம் ஒரு தனிக் குழுவுக்குத் தரப்பட்டது. இதனால் கடற்கரை உல்லாச நகரங்களில் குவிந்திருந்த மருத்துவர்கள் தொழில் நகரங்களின் பக்கம் மெல்ல நகர்ந்தனர்.

குறைகளும் வெளிப்படையாகவே இருந்தன. அறுவை சிகிச்சைக்கும் பிற சிகிச்சைகளுக்கும் மருத்துவமனையில் இடம் வேண்டிக் காத்திருந்தோர் எண்ணிக்கை ஏறத்தாழ 5 லட்சம் என்ற அளவில் தொடக்க ஆண்டுகள் முழுவதும் நீடித்தது. விலை கொடுத்துத் தேவையை அடக்கும் சந்தையை நீக்கிய இடத்தில், காத்திருப்பு அந்த வேலையைச் செய்தது. ஆஸ்திரேலிய மருத்துவர் ஜோசப் காலிங்ஸ் 1950-இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, தொழில் நகரங்களில் சில குடும்ப மருத்துவர்களின் அறைகளில் நோயாளியைப் படுக்க வைத்துப் பரிசோதிக்கக்கூட வசதி இல்லை என்று அம்பலப்படுத்தியது. பதிவு செய்த நோயாளிகளின் தலைக்கு இவ்வளவு என்று ஊதியம் கிடைத்ததால், நல்ல அறைக்கும் உதவியாளருக்கும் செலவிடும் மருத்துவர் தம் வருமானத்தையே குறைத்துக்கொண்டவர் ஆனார். சேவை தேசத்தின் செல்வத்தில் சிறிய பங்கையே எடுத்தது என்ற பெருமைக்குரிய கணக்கின் உள்ளே, இந்தப் பற்றாக்குறைகளும் சேர்ந்தே இருக்கின்றன. அமெரிக்கா 1950-களில் தன் உற்பத்தியில் 4 விழுக்காட்டுக்கு மேல் மருத்துவத்துக்குச் செலவிட்டது. ஆனால் அந்த எண்ணில் தனியார் செலவும் அடக்கம், பிரிட்டனின் 3.25-இல் அது இல்லை என்பதால், இரண்டையும் அருகருகே வைத்து வெற்றி தோல்வி பேசுவது பொருந்தாது.

அறிக்கை வந்த பிறகு நிதியமைச்சு தன் மனத்தை உடனே மாற்றிக்கொள்ளவில்லை. 1956 டிசம்பரில், சீட்டு ஒன்றுக்கு ஒரு ஷில்லிங் என்றிருந்த கட்டணம், சீட்டில் உள்ள ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு ஷில்லிங் என்று ஆக்கப்பட்டது. பெவனோடு பதவி விலகியவரான வில்சன் பிரதமரானதும் 1965-இல் அக்கட்டணத்தை நீக்கினார். பவுண்டு மீண்டும் மதிப்பிழந்த நெருக்கடியில் 1968-இல் அவர் அரசே சில பிரிவினருக்கு விலக்களித்து அதைத் திரும்பக் கொண்டுவந்தது. ஆயினும் சேவையையே குறைத்துக் காப்பீட்டு முறைக்குத் திரும்பலாம் என்ற பேச்சு கில்லிபோவுக்குப் பின் நெடுங்காலம் வலுவிழந்து கிடந்தது. அவர் கேட்ட மூலதனம் தாமதமாக வந்தது. சுகாதார அமைச்சர் ஈனக் பவல் 1962 ஜனவரியில் முன்வைத்த மருத்துவமனைத் திட்டம், பத்தாண்டுகளில் 50 கோடி பவுண்டு செலவில் 90 புதிய மருத்துவமனைகளைக் கட்டவும் 134 மருத்துவமனைகளைப் பெரிய அளவில் மாற்றி அமைக்கவும் வகுத்தது.

ஏபல்-ஸ்மித் இந்த ஆய்வோடு நிற்கவில்லை. ஒரு நாட்டின் மருத்துவச் செலவை அளக்க உருவாக்கிய முறையைப் பல நாடுகளுக்கு ஒரே வரையறையில் பொருத்திப் பார்க்கும் பணியை உலக சுகாதார நிறுவனம் அவரிடம் ஒப்படைத்தது. அதன் பயனாக 1963-இலும் 1967-இலும் அவருடைய இரு ஆய்வறிக்கைகள் வெளிவந்தன. வரியால் நடத்தும் நாடு, காப்பீட்டால் நடத்தும் நாடு, நோயாளியின் கைப்பணத்தால் நடத்தும் நாடு ஆகியவை ஒரே அட்டவணையில் இடம்பெறத் தொடங்கிய அந்தப் பணியும், அதில் எழுந்த வரையறைச் சிக்கல்களும் அடுத்த பகுதியின் பொருள்.